பதினோரு மாதத் துறவு

துறவைக் கண்டுபிடித்தவர்கள் இமயமலை முனிவர்கள் என்று உலகம் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த முனிவர்களில் ஒருவர்கூட மும்பையின் கிர்காவ் பகுதியில் வாடகைக்கு வீடு தேடியதில்லை. தேடியிருந்தால் தங்கள் பட்டத்தைத் தாமாகவே திருப்பிக் கொடுத்திருப்பார்கள். இந்த உலகில் எதுவும் நமதில்லை, எங்கும் நிலைத்திருக்க வழியில்லை என்ற பேருண்மையை ஏழை பாழை என்று பாராமல் வருடம் தவறாமல் போதித்து வருகிறவர்கள் மும்பை வீட்டுக்காரர்களே. முனிவரிடம் ஞானம் வாங்கக் காட்டுக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் அதை மாடிப்படியில் நிறுத்தி வைத்தே கொடுத்துவிடுவார்.

தாம்பே வாடியில் அப்படியொரு மகான் இருந்தார். பெயர் பெட்ணேகர். மாநகராட்சியில் வரி வசூலித்து ஓய்வு பெற்றவர். பழைய வீடுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும் அந்த வாடியில் மாடியில் அவர் குடியிருந்தார். கீழே படிக்கட்டுக்குப் பின்னால் இருந்த ஓர் அறையையும் அடுப்படியையும் வாடகைக்கு விட்டிருந்தார். ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு. பன்னிரண்டாவது மாதம் என்று ஒன்று பஞ்சாங்கத்தில் இருப்பதை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

"சுவத்துல அரசங்கன்னு முளைக்குமே, பாத்திருக்கியா?" என்று குடிவரும் எல்லோரிடமும் கேட்பார். "முதல்ல ரெண்டு இலைதான். பாவம்னு விட்டுட்டா, அப்புறம் சுவரே அதோடது. வாடகைக்காரனும் அப்படித்தான். பன்னெண்டாம் மாசம் வேர் விட்டுடுவான். உன்னச் சொல்லல, பொதுவாச் சொல்றேன்."

அப்படிப் 'பொதுவாக'ச் சொல்லப்பட்டவர்களில் ஒருவன் கோண்டிபா. சதாராப் பக்கத்திலிருந்து வந்தவன். கைவண்டி இழுப்பது தொழில். மும்பையில் வீடு மாறுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை என்பதால் அவனுக்கு வேலைக்கும் பஞ்சமில்லை. ஊரார் கட்டிலையும் பீரோவையும் இழுத்து இழுத்து அவன் வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது. அவன் இழுத்த சுமைகளில் கூலி கிடைக்காத சுமை ஒன்றுதான். அது அவனுடைய சொந்தச் சாமான்.

பெட்ணேகரின் அறையில் குடியிருப்பது ஆசிரமத்தில் இருப்பது போல. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஆணி என்பது பற்றின் அடையாளம். வாசலில் பெயர் எழுதக் கூடாது. பெயர் என்பது அகந்தை. பெட்ணேகரின் கதவில் மட்டும் அவர் பெயர், தகப்பனார் பெயர், பாட்டனார் பெயர் மூன்றும் பித்தளையில் பளபளத்தன. குருமார்களுக்கு விதிவிலக்கு உண்டு. ஆணி இல்லாததால் கோண்டிபா முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து, குப்புறப் படுத்துச் சவரம் செய்துகொண்டான். அகந்தை அழிவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எந்த மடத்திலும் கிடையாது.

பதினோரு மாதம் முடிந்ததும் எங்கே போவது? எதிர்வீட்டுக்குத்தான். எதிரே கார்ணிக் பாயி என்ற அம்மாள் இதே போல ஓர் அறையை இதே விதியோடு வாடகைக்கு விட்டிருந்தாள். அதில் சதாசிவ் குடியிருந்தான்; திரையரங்கு வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன். அவன் பெண்டாட்டி லீலா. ஆக, பதினோரு மாதத்துக்கு ஒருமுறை கோண்டிபா அந்தப் பக்கமும் சதாசிவ் இந்தப் பக்கமும் குடிபெயர்வார்கள். நடுச்சந்தில் இரண்டு குடும்பத்துச் சாமானும் எதிரெதிராகச் சந்தித்துக்கொள்ளும். வேர் விட்டுவிடக் கூடாதே என்பதற்காக இரண்டு மரங்களை மாற்றி மாற்றிப் பிடுங்கி நட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒருமுறை இரு வீட்டு ஆண்களும் கலந்து பேசி ஒரு காரியம் செய்தார்கள். உன் பீரோவும் இரும்பு, என் பீரோவும் இரும்பு. இரண்டையும் எதற்குத் தூக்க வேண்டும், இருந்த இடத்திலேயே இருக்கட்டும், துணியை மட்டும் மாற்றிக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். ஒரு வாரம் சுகமாகப் போயிற்று. பிறகு பெட்ணேகர் தம் அறையை எட்டிப் பார்த்தார். பழகிய பீரோ பழகிய மூலையில் நின்றது. அன்று மாலையே 'தாம்பே வாடி வீட்டு உடைமையாளர் நலச் சங்கம்' அவசரமாகக் கூடியது. ஆள் மாறினாலும் பீரோ பன்னிரண்டாம் மாதத்துக்குள் கால் வைத்துவிட்டது என்பதைச் சங்கம் ஆழ்ந்த கவலையுடன் பதிவு செய்தது. மறுநாள் கோண்டிபா தன் பீரோவைப் பிள்ளை போல முதுகில் கட்டிச் சந்தின் குறுக்கே நடந்தான். எதிரே சதாசிவ் தன் பீரோவோடு வந்தான்.

"என்ன கோண்டிபா பாவு, பீரோவுக்குக் காத்து வாங்கவா?" என்று அவன் கேட்டதற்குக் கோண்டிபா பதில் சொல்லவில்லை. வாயில் கயிறு இருந்தது.

கோண்டிபாவுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதவள் அவன் மனைவி யமுனா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. ஒரே கூரையின் கீழ் ஒரு வருடம் இருக்க வேண்டும்; தன் வீடு என்று சொல்லிக் கணபதியை அழைத்து வந்து வைக்க வேண்டும். குழந்தை இல்லையா என்று கேட்ட ஊர்க்காரர்களுக்கு அவள் சொன்ன பதில் வாடி முழுக்கப் பிரசித்தம்: "கூட்டை மாத்திக்கிட்டே இருந்தா கோழி எங்க போயி அடைகாக்கும்?"

பதினோரு மாதக் கணக்கில் ஒரு விசேஷம் உண்டு. குடிபெயரும் நாள் ஒவ்வொரு தடவையும் ஒரு மாதம் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். தீபாவளியில் பிடுங்குவார்கள், அடுத்த தடவை நவராத்திரியில் பிடுங்குவார்கள். அந்த வருடம் அது நகர்ந்து நகர்ந்து சரியாக விநாயகர் சதுர்த்தியில் வந்து நின்றது. கோண்டிபா அப்போது பெட்ணேகர் பக்கம் இருந்தான். சதுர்த்தி காலையில் தம் பூஜை முடிந்ததும் கீழே வந்து பூட்டுப் போடுவதாகப் பெட்ணேகர் அறிவித்தார்.

கணபதியை ஒன்றரை நாள் வைத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்புகிறோமே என்று யமுனா கேட்டுப் பார்த்தாள். பெட்ணேகர் சிரித்தார். மாடியில் அவர் வீட்டிலும் வருடா வருடம் கணபதி வருவார், ஒன்றரை நாள் இருப்பார்.

"கணபதி அப்பாவைப் பாத்துக் கத்துக்கம்மா" என்றார். "வந்தாரு, ஒன்றரை நாள் இருந்தாரு, சொல்லாமலே கிளம்பினாரு. சுவத்துல ஒரு ஆணி அடிச்சிருப்பாரா? ஒரு நாள் கூடக் கேட்டிருப்பாரா? உலகத்துலயே நல்ல வாடகைக்காரர் அவருதான்."

யமுனா இறங்கி வந்தாள். வந்து, சிலை செய்யும் பட்டறைக்குப் போய்ச் சின்னதாய் ஒரு கணபதியை வாங்கி வரச் சொன்னாள் புருஷனிடம்.

கோண்டிபா மாடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். "அவரு சாமானைத் தூக்கி வெளிய வச்சிருவாரு யமுனா."

"எந்தச் சாமானை? பீரோவைத் தூக்குவாரு. கணபதியைத் தூக்குவாரா?"

சதுர்த்தியன்று கிழக்கு வெளுக்கும் நேரத்தில், வழக்கப்படி முகத்தைத் துணியால் மூடிய கணபதி கோண்டிபாவின் கைவண்டியில் ஏறி வந்தார். ஊரார் சாமானெல்லாம் போன வண்டியில் முதன்முதலாகத் தங்கள் வீட்டுக்கென்று ஒருவர் வருகிறார் என்று நினைத்துக்கொண்டான். பள்ளம் பார்த்து, மேடு பார்த்து, கண்ணாடிச் சாமான் ஏற்றியவனைப் போல மெதுவாக இழுத்தான்.

பெட்ணேகர் பூட்டோடு இறங்கி வந்தார். சாதாரணப் பூட்டு அல்ல. பாட்டனார் காலத்துப் பித்தளைப் பூட்டு, ஆமை அளவு இருக்கும். அதற்கு ஒரே ஒரு சாவி; அது இல்லாமல் பூட்டவும் முடியாது, திறக்கவும் முடியாது. உள்ளே எட்டிப் பார்த்தவர் நின்றுவிட்டார். மணைமேல் கணபதி, முன்னால் விளக்கு, அருகம்புல், மோதகத் தட்டு. உட்கார வைத்த கணபதியை விடை கொடுக்கும் பூஜை முடியாமல் அசைக்கக்கூடக் கூடாது என்று வாடியில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவரே பெட்ணேகர்தான். பூட்டு நடுவில் இருக்க, அவர் கைகள் இரண்டும் தாமாகவே கூப்பின.

"எத்தனை நாள்?" என்று மெல்லக் கேட்டார். அவர் கேட்டது கணபதியிடமா தன்னிடமா என்று கோண்டிபாவுக்குப் புரியவில்லை.

ஒன்றரை நாள் என்றாள் யமுனா. பெட்ணேகருக்கு மூச்சு வந்தது. கருணை அடிப்படையில், இதை ஒரு முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையோடு, கடவுளுக்கு ஒன்றரை நாள் கால நீட்டிப்பு வழங்கினார். எதிரே, விடியும் முன்பே சாமானையெல்லாம் சந்தில் இறக்கி வைத்திருந்த சதாசிவ், ஒன்றரை நாளும் தன் பீரோவில் சாய்ந்து உட்கார்ந்து வருவோர் போவோருக்கெல்லாம் 'இடைவேளை' என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் பிற்பகல் வாடியே அந்த வாசலில் கூடியது. பெட்ணேகரே முன்நின்று ஆரத்தி பாடினார். இடது கையில் மணி. வலது கையில் பூட்டும் சாவியும். பாட்டு முடிந்தது. கோண்டிபா குனிந்து மணையோடு கணபதியைத் தூக்கப் போனான். அந்த நேரம் பார்த்து யமுனா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

ஆளாளுக்குத் தண்ணீர் என்றார்கள், காற்று விடு என்றார்கள். லீலா மட்டும் நிதானமாகச் சொன்னாள்: "தண்ணி வேண்டாம், புளிப்பா ஏதாவது குடுங்க. மூணு மாசமாச்சு, காலைல எந்திரிச்சா வாந்திதான்."

கோண்டிபா கணபதியை அரையடி தூக்கிய நிலையில் அப்படியே நின்றான். அவன் வாய் திறப்பதற்குள் பெட்ணேகர் கர்ஜித்தார். சாஸ்திர விஷயத்தில் அவரை முந்திக்கொண்டு யாரும் பேசியதில்லை.

"வை கீழ! மூளை இருக்காடா உனக்கு? பிள்ளைத்தாச்சி இருக்கற வீட்டுலேருந்து கணபதியைக் கரைக்க எடுத்துட்டுப் போவானா எவனாவது? வீட்டோடயே இருக்கணும்டா அவரு. அடுத்த சதுர்த்திக்குத்தான் வெளிய கிளம்பணும்."

கோண்டிபா வைத்தான். தான் தகப்பனாகப் போவதை வீட்டுக்காரர் திட்டித் தெரிந்துகொண்ட முதல் மனிதன் அவனாகத்தான் இருக்க வேண்டும்.

எல்லோரும் மனதுக்குள் ஒரே கணக்கைப் போட்டார்கள்: இந்தச் சதுர்த்தியிலிருந்து அடுத்த சதுர்த்தி வரை. கணக்கு முடிந்த கண்கள் ஒவ்வொன்றாகப் பெட்ணேகரின் வலது கைக்கு வந்து சேர்ந்தன. கடைசியாகக் கணக்கு முடிந்தது பெட்ணேகருக்கு. முகம் ஒரு கணம் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் போல ஆயிற்று. ஆனால் மகான்கள் சரிந்தாலும் ராஜகோபுரம் மாதிரிதான் சரிவார்கள். பூட்டைத் திறந்து கொண்டியில் தொங்கவிட்டு, சாவியைக் கணபதியின் பாதத்தில் வைத்தார்.

"இனிமே வீடு உன்னோடதுப்பா" என்றார், குரல் தழுதழுக்க. "நான் வெறும் காவல்காரன்."

கூட்டத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாறிப் போக இடமில்லாத சதாசிவ் எழுந்து தன் சாமானை மறுபடி கார்ணிக் பாயி வீட்டுக்குள்ளேயே ஏற்றினான்.

இவ்வளவு பெரிய சங்கதியை முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கோண்டிபா அன்று கேட்டான். "சொல்லிருந்தா சந்தோஷத்துல வாடி பூராவும் சொல்லிருப்ப" என்றாள் யமுனா. "அவருக்கு யோசிக்க நேரம் கிடைச்சிருக்கும்."

சங்கம் மறுபடி கூடியது. பொருள்: கடவுளின் சட்டநிலை. கணபதி விருந்தாளியா, வாடகைக்காரரா என்று கார்ணிக் பாயி விவாதத்தைத் தொடங்கி வைத்தாள். விருந்தாளி என்றால் அவரிடம் ஒன்றும் கேட்க முடியாது. வாடகைக்காரர் என்றால் பன்னிரண்டாம் மாதம் உரிமை வந்துவிடும். களிமண்தானே என்று ஓர் உறுப்பினர் சொன்னார். களிமண்தான் வேர் பிடிக்க ஏற்றது என்று இன்னொருவர் நினைவூட்டினார். கடவுளுக்குக் காலி செய்யச் சொல்லி அறிவிப்புக் கொடுக்கலாமா என்ற கேள்வி வந்தபோது, யார் கொடுப்பது என்ற துணைக் கேள்வியில் கூட்டம் நிலைகுலைந்து, தேநீர் குடித்துக் கலைந்தது.

அந்த வருடம் பெட்ணேகர் தவறாமல் தினம் காலையில் கீழே வந்து கணபதியைத் தரிசித்தார். தரையோடு தரையாகக் குனிந்து மணையின் அடியை உற்றுப் பார்ப்பார். பக்தி என்று வாடியினர் நினைத்தார்கள். வேர் விட்டிருக்கிறதா என்று பார்க்கிறார் என்பது கோண்டிபாவுக்கு மட்டும் தெரியும். பாதத்தில் இருந்த சாவியையும் ஒரு பார்வை பார்ப்பார். சாமிக்கு வைத்ததை எடுக்க முடியாதே.

சாவியை எடுக்க முடியாதது போலவே, சாமிக்கு வேண்டியதை மறுக்கவும் முடியவில்லை. சாமிக்கு மேலே தொங்கு விளக்கு மாட்ட ஆணி வேண்டும் என்றாள் யமுனா. பெட்ணேகர் கண்ணை மூடிக்கொண்டு முக்காலியைப் பிடித்துக்கொள்ள, கோண்டிபா தன் வாழ்க்கையின் முதல் ஆணியை அடித்தான். பிறகு மாலைக்கு ஓர் ஆணி. சாமி நாள் நட்சத்திரம் பார்க்க நாட்காட்டிக்கு ஓர் ஆணி. பூஜையில் சாமிக்குக் கண்ணாடி காட்டுவது வழக்கம். எனவே கண்ணாடிக்கும் ஓர் ஆணி. கோண்டிபா நின்றுகொண்டு சவரம் செய்யத் தொடங்கினான். தன் வலது தோள் தாழ்ந்திருப்பது அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது.

வெயில் காலத் தொடக்கத்தில் பெண் குழந்தை பிறந்தது. விளக்குக்குப் பக்கத்தில் தூளிக்கு ஒரு கொக்கி வேண்டியிருந்தது. இந்தமுறை யாரும் யாரையும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் மாதமும் வந்தது. சுவர் விரியவில்லை, கூரை இறங்கவில்லை. ஒரு குழந்தை குப்புற விழப் பழகியதைத் தவிர அந்த அறையில் வேறெந்த அசம்பாவிதமும் நடக்கவில்லை. ஆனாலும் சதுர்த்தி நெருங்க நெருங்க பெட்ணேகர் முகத்தில் ஒரு தேஜஸ் ஏறியது. கணபதியைக் கடலில் விடும் நாளன்று அவரே மேளக்காரர்களை அமர்த்தினார். கோண்டிபாவின் வண்டிக்கு முன்னால் சிவப்புக் குலால் பொடி பறக்க ஆடினார். அவர் ஆடியதை வாடி அதற்குமுன் பார்த்ததில்லை.

சௌபாட்டி கடற்கரையில் மணல் தெரியாத கூட்டம். கோண்டிபா கணபதியைத் தலைமேல் வைத்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீர் வரை போனான். எத்தனையோ பேர் வீட்டைச் சுமந்திருக்கிறான்; இறக்க மனம் வராத முதல் சுமை இதுதான். முக்கி எடுத்து, முக்கி எடுத்து, மூன்றாம் தடவை கையை விட்டான்.

கரையில் பெட்ணேகர் எல்லோரையும்விட உரக்கக் கூவினார். "கணபதி அப்பா, அடுத்த வருஷம் சீக்கிரம் வா!"

பக்கத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற யமுனா திரும்பிப் பார்த்தாள். "வரச் சொல்றீங்களே சாஹேப், எந்த வீட்டுக்கு?"

பெட்ணேகருக்கு இதுபோன்ற கேள்விகள் தண்ணீர் பட்ட பாடு. "தெய்வத்துக்கு எல்லா வீடும் ஒண்ணுதாம்மா" என்றார் பரவசம் குறையாமல். கையை நீட்டினார். "சாவி எங்க?"

"சாவியா?" யமுனா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "வீடு அவரோடதுன்னு நீங்கதான சாஹேப் அவரு காலடியில வச்சீங்க. அவரு சாமானை நாம வச்சுக்கலாமா? பூவோட பூவா அவரு கையிலயே கட்டி அனுப்பிச்சிட்டேன்."

பாதம் நனையாமல் பக்தி செய்து பழகிய பெட்ணேகர், பட்டு வேட்டியும் பொன் கடிகாரமுமாக அப்படியே கடலுக்குள் இறங்கினார். முழங்கால், இடுப்பு, மார்பு. கரைந்துகொண்டிருக்கும் கணபதிகளை ஒவ்வொன்றாகக் கட்டிப்பிடித்துக் கையைத் தடவிப் பார்த்தார். "அப்பா, போயிடாதே, போயிடாதேப்பா" என்று கதறினார். அத்தனை பெரிய கூட்டமும் கடவுளைப் போகவிட்டுக்கொண்டிருக்க, போகாதே என்று அழுத ஒரே பக்தர் அவர்தான்.

வேறு வாடியிலிருந்து வந்த ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஈரத்தோடு கரையேறிய கோண்டிபாவைப் பார்த்து, "யாருப்பா அந்தப் பெரியவரு? எப்பேர்ப்பட்ட பக்தி!" என்றார்.

கோண்டிபா தலையைத் துவட்டினான். "எங்க வீட்டுக்காரரு" என்றான் மரியாதையோடு. "இந்த உலகத்துல எதுவும் நம்மளோடது இல்லைன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்த மகான்."